படையலுக்கு முன் உப்பு

பம்பாய்ச் செம்பூரில் நான் பதினான்கு வருஷம் சட்டி பிடித்த சைனீஸ் ஹோட்டல் போன மழைக்காலத்தில் மூடப்பட்டது. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். அதற்குப் பிறகு கல்யாணப் பந்திகளில் சைனீஸ் கவுண்டர் போட்டுக்கொண்டிருந்தேன். முகூர்த்தங்கள் குறைந்ததும் அதுவும் நின்றது. ஏழெட்டுக் கடைகளில் வேலை கேட்டேன். நாற்பத்தாறு வயது என்றதும் எல்லோரும் ஒரே மாதிரிச் சிரித்து, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஒருவரும் அனுப்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு ஏசுதாஸ் ஒரு சேதி கொண்டுவந்தான். அவனுக்கு ஏ.சி. ரிப்பேர் வேலை. வீடு வீடாகப் போகிறவன்.

"அண்ணாச்சி, செம்பூர்ல ஒரு சைனாக்கார அம்மா பியூட்டி பார்லர் வச்சிருக்காவ. அவிய தம்பி கனடாவுல சைனீஸ் ஹோட்டல் நடத்துதாராம். சமையலுக்கு ஆள் வேணுமாம். இங்க இருந்தே கூட்டிட்டுப் போவாவளாம்."

"சைனாக்காரர் ஹோட்டலுக்கு எதுக்குவே தாராவி லேபர் கேம்ப்ல ஆள் தேடுதாரு?"

"எனக்கென்ன தெரியும்? நானே ஃபில்டர் கழுவப் போனவன்."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி மாரீஸ்வரி, "போயி என்னன்னுதான் கேட்டுட்டு வாங்களேன். திருப்பி அனுப்புனா பஸ் ஏறி வரப் போறிய, அம்புட்டுத்தான" என்றாள். சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்துத் துடைத்து வைத்தாள். மஸ்கட் போவதற்காக எட்டு வருஷத்துக்கு முன் எடுத்து, போகாமலே போன பாஸ்போர்ட். அவள் அதைத் துடைத்த விதத்தில், இந்த வேலை கிடைக்காவிட்டால் இனி எதுவும் கிடைக்காது என்று அவளும் நினைக்கிறாள் என்பது தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, என் இரும்புச் சட்டியையும் கரண்டியையும் சிமெண்டுச் சாக்கில் கட்டிக்கொண்டு, சாஸ் பாட்டில்களை ஒரு பையில் அடுக்கிக்கொண்டு, சயானில் பஸ் ஏறினேன். பார்லருக்கு மேல்மாடியில் வீடு. கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது இருக்கும். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பெயர் ரோஸி லியாவ். பிறந்தது, வளர்ந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் பம்பாய்தான். அப்பா சுக்லாஜி தெருவில் ஹோட்டல் வைத்திருந்தவர். நாங்கள் பேசிக்கொண்டது முழுக்க பம்பாய் ஹிந்தியில். பம்பாய்க்காரர்களுக்குத் தமிழன் எந்த வயதானாலும் அண்ணாதான்.

"அண்ணா, முதல்ல இதைச் சொல்லுங்க" என்று ஃபிரிட்ஜைத் திறந்து, மாட்டுங்காவில் வாங்கிய இட்லி மாவுப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். "இது ஏன் என் வீட்ல மட்டும் பொங்கவே மாட்டேங்குது?"

நான் சீனச் சமையல் பரீட்சைக்கு வந்தவன். "ஃபிரிட்ஜுக்குள்ள வச்சா எப்படிப் பொங்கும் ஆன்ட்டி? வெளிய வைங்க" என்றேன். "அரே, ஆமா!" என்று அவர் சந்தோஷப்பட்டார். பரீட்சை தொடங்கிவிட்டதா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை.

அடுப்படியில் ஷெஸ்வான் சாஸ் இல்லை. கரம் மசாலா இருந்தது, எலுமிச்சை ஊறுகாய் இருந்தது, காலையில் வாங்கிய பாவ் ரொட்டி இருந்தது. சோயா சாஸ் மட்டும் பெரிய பாட்டிலில். நல்லவேளை, என் சாமான்களை நானே கொண்டுபோயிருந்தேன். சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன், ஹக்கா நூடுல்ஸ் மூன்றும் செய்தேன். வீட்டு கேஸில் தீ போதவில்லை. ஆனாலும் வாசனை வந்துவிட்டது. ரோஸி ஆன்ட்டி இடது கையில் ஸ்பூனைப் பிடித்து மூன்றையும் சாப்பிட்டுப் பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ். இதேதான் ஹென்றிக்கு வேணும்."

தைரியம் வந்து கேட்டேன். "ஆன்ட்டி, உங்க வீட்ல தினமும் இப்படித்தான் சாப்பிடுவீங்களா?"

"பைத்தியமா? இதைத் தினம் தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்? வீட்ல சோறு, ஒரு கீரை, ஒரு சூப்."

"அப்போ இது சைனீஸ் இல்லையா?"

"எங்க அப்பா இதைச் செஞ்சு வித்தாரு. அவர் சைனீஸ்தானே?" என்றார்.

நூடுல்ஸுக்குப் பெயரே ஹக்கா. இவர்கள் ஜாதியும் ஹக்காதானாம். இந்த நூடுல்ஸை உங்கள் பாட்டன் ஊரில் சாப்பிடுவார்களா என்று கேட்டேன். அங்கே போனால் அவர்களே இது என்ன என்று கேட்பார்கள் என்றார். கனடாவில் தம்பியின் கடைக்கு யார் வருகிறார்கள் என்றும் கேட்டேன்.

"நம்ம ஊர்க்காரங்கதான் அண்ணா. பாதிக்குப் பாதி தமிழ் ஆளுங்க, ஸ்ரீலங்காவிலேர்ந்து போனவங்க. பக்கத்துலயே சைனாவிலேர்ந்து நேரா வந்தவன் கடை இருக்கு. அங்க போக மாட்டாங்க. பாம்பே டேஸ்ட் வேணும்பாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது இதை ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன். பம்பாயில் பிறந்த சீனர் ஒருவர், கனடாவில் கடை வைத்து, அங்கே இருக்கும் தமிழர்களுக்குச் சீனச் சாப்பாடு போடுவதற்காக, தாராவியிலிருந்து ஒரு தமிழனைத் தேடுகிறார். வீட்டுக்கு வந்து மாரீஸ்வரியிடம் இதையே சொன்னேன்.

"அதுக்கு நடுவுல அந்தச் சைனாக்காரரு எதுக்கு?" என்றாள்.

அதுவும் எனக்குத் தெரியவில்லை.

தம்பி வெள்ளிக்கிழமை பம்பாய் வந்து இறங்கினார். சனிக்கிழமை ரோஸி ஆன்ட்டி போன் செய்தார். "நாளைக்கு எங்க அப்பா செத்த நாள். போட்டோவுக்கு முன்னாடி சாப்பாடு வைக்கணும். எங்க வீட்டுச் சமையல். என் கை இப்படி இருக்கு. நான் சொல்லச் சொல்ல நீங்க செஞ்சிருங்க. ஹென்றியும் சாப்பிட்டுப் பார்த்து அப்படியே முடிவு சொல்லிருவான்."

இவ்வளவு நாள் குழம்பிக்கொண்டிருந்த எனக்கு இது ஒன்றுதான் சுலபமாகப் புரிந்தது. திதி. இதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை தலைக்குக் குளித்து, துவைத்த வேட்டியை மடித்துப் பையில் வைத்து, டீகூடக் குடிக்காமல் புறப்பட்டேன். சட்டிச் சாக்கோடு, வாங்கி வைத்திருந்த புதுக் கரண்டி ஒன்றையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டேன்.

போனதும் ரோஸி ஆன்ட்டி பாவும் டீயும் வைத்தார். வேண்டாம் என்றேன். "எங்க வீட்ல சாப்பிட மாட்டீங்களா?" என்று கேட்டார். "அப்படியில்ல ஆன்ட்டி, அப்புறமா" என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. வேட்டியைக் கட்டிக்கொண்டு நான் அடுப்படிக்குள் நுழைந்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் குழம்பினார்.

தம்பி ஹென்றிக்கு அறுபது வயது. வழுக்கை, அரைக்கால் சட்டை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய பம்பாய் ஹிந்தி அப்படியே அவர் வாயில் இருந்தது. "க்யா உஸ்தாத், பயப்படாதே. என் அக்காவைப் பார்த்துத்தான் பயப்படணும்" என்றார்.

மூன்று பதார்த்தம். தலையோடு முழுக்கோழி, இஞ்சி போட்டு வெறுமனே அவித்தது. டோஃபு என்கிற சோயாப் பன்னீரைக் கீறி உள்ளே கொத்துக்கறி அடைத்தது. மூன்றாவதுதான் முக்கியமானது. கொழுப்போடு சேர்ந்த பன்றி வயிற்றுக்கறியை வேகவைத்து, தோலைச் சிவக்கப் பொரித்து, துண்டு போட்டு, கீரைமேல் அடுக்கி இரண்டு மணி நேரம் ஆவியில் வைக்க வேண்டும். கீரை என்றால் நம் கீரை இல்லை. கடுகுக்கீரையை உப்பில் ஊறப்போட்டுக் காயவைத்தது. கறுப்பாக, பழைய கயிறு மாதிரி இருந்தது. ஹென்றி கனடாவிலிருந்து பெட்டியில் கொண்டுவந்திருந்தார். சீனச் சாமான் கனடா வழியாகச் செம்பூருக்கு வந்ததையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

"நாலஞ்சு தண்ணில அலசுங்க அண்ணா" என்றார் ரோஸி ஆன்ட்டி. "ஒரு துண்டைக் கடிச்சுப் பாருங்க. உப்பு போற வரைக்கும் அலசணும்."

அதற்குள் கீழே பார்லரில் கல்யாணப் பெண் ஒருத்தி வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். அவர் இறங்கிப் போனார். ஹென்றி மல்லிகைப்பூ வாங்கப் போனார். அடுப்படியில் நான் மட்டும்.

கீரையை ஐந்து தண்ணீரில் அலசினேன். எண்ணித்தான் அலசினேன். ஒரு துண்டை எடுத்து வாய்வரை கொண்டுபோனேன், பிறகு சிங்கில் போட்டுவிட்டேன். செத்தவருக்குப் படைக்கிற சாப்பாட்டை அவருக்கு முன்னால் நான் எப்படி வாயில் வைப்பேன்? எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்குச் சமைக்கிறபோது சாம்பார் கொதிக்கிற வாசனையைக்கூட மூக்கை நீட்டி இழுக்க விடமாட்டார்கள். ரோஸி ஆன்ட்டி வாய்தவறிச் சொல்லியிருப்பார், நாமாகத்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். சந்தேகத்துக்கு ஆறாவது தண்ணீரிலும் ஒருமுறை அலசினேன். சோயா சாஸை அவர் சொன்ன அளவுக்கு, மூன்று கரண்டி ஊற்றினேன். ஆவியில் ஏற்றினேன்.

ஒரு மணிக்கு எல்லாம் தயார். போட்டோவில் இருந்தவர் கோட்டு போட்டு, சிரிக்காமல் இருந்தார். முன்னால் மூன்று கிண்ணம் சோறு, மூன்று கோப்பை டீ, ஆரஞ்சுப்பழம், சாப்பிடும் குச்சிகள். நான் செய்த மூன்றையும் வைத்தார்கள். ஊதுபத்தி ஏற்றி அக்காவும் தம்பியும் மூன்று முறை குனிந்தார்கள். நானும் ஓரமாக நின்று கும்பிட்டேன். இதுவரை எல்லாம் நம் வீடு மாதிரியே இருந்தது. பத்தி எரிந்து முடியும்வரை காத்திருக்க வேண்டுமாம். அந்த இடைவெளியில் நான் சட்டியில் மிஞ்சியதிலிருந்து ஒரு துண்டுக் கறியும் சோறும் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன். செம்பூர் காக்கை ஒன்று உடனே வந்து கறியைக் கொத்திக்கொண்டு போனது.

"அது என்ன?" என்றார் ஹென்றி.

"அப்பாவுக்கு" என்றேன்.

"அப்பா இங்கே இருக்கார்" என்று போட்டோவைக் காட்டினார்.

ரோஸி ஆன்ட்டி அவரை முழங்கையால் இடித்தார்.

பத்தி எரிந்து முடிந்தது. சாப்பிட உட்கார்ந்தார்கள். ஹென்றி குச்சியால் ஒரு துண்டுக் கறியைக் கீரையோடு எடுத்து வாயில் போட்டார். இரண்டு முறை மென்றார். மெல்வதை நிறுத்தினார். கிளாஸில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

ரோஸி ஆன்ட்டி ஒரு இலையை மட்டும் நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். "அய்யோ அண்ணா. கடல் தண்ணி."

ஹென்றியின் கிளாஸில் மறுபடி தண்ணீர் ஊற்றினேன்.

"ருசி பாக்கலையா?" என்று கேட்டார் ஹென்றி.

"இல்ல."

"ஹிந்துடா அவர்" என்றார் ரோஸி ஆன்ட்டி அவசரமாக. "பன்றி தின்ன மாட்டார். உன் கடைல பன்றியே கிடையாது, எல்லாம் ஹலால். அப்புறம் என்ன?"

எனக்காக அவர் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லி அதில் நுழைந்துவிட்டால் போதும். சொல்லவும் வாயெடுத்தேன். அதற்குள் ஹென்றி டோஃபுவைக் குச்சியால் காட்டினார்.

"இதை?"

"பாக்கல."

"கோழியை?"

"அதையும் பாக்கல."

"கோழியும் தின்ன மாட்டாரா?" என்று அக்காவைப் பார்த்தார்.

இனி மறைத்துப் பயனில்லை. "நான் எல்லாம் சாப்பிடுவேன் சார். கிறிஸ்துமஸுக்கு ஏசுதாஸ் வீட்ல பன்றியும் சாப்பிடுவேன், என் வீட்ல தெரியாது. கடைல நின்னா காலைல செய்யுற ஒவ்வொரு சாஸையும் நக்கிப் பாத்துட்டுத்தான் இறக்குவேன். ஆனா இது செத்தவங்களுக்கு வைக்கிறது. அவங்களுக்கு முன்னாடி நம்ம எச்சில் படக் கூடாது. அதான் டீகூடக் குடிக்கல" என்றேன்.

ஹென்றி குச்சிகளைக் கீழே வைத்தார். கோபப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைவிடக் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"ருசி பார்க்காம, நல்லா இருக்கா இல்லையான்னே தெரியாம, எங்க அப்பாவுக்கு எப்படி வச்சே?" என்றார். "உயிரோட இருக்கறவனா இருந்தா நல்லா இல்லேன்னு திட்டுவான். செத்தவன் என்ன பண்ணுவான்? வச்சதைத் தின்னணும். அவருக்குத்தானே நாம முதல்ல பார்த்துட்டு வைக்கணும்?"

அவர் கேட்டது சரியாகத்தான் பட்டது. நான் செய்ததும் சரியாகத்தான் பட்டது. இரண்டும் ஒரே அடுப்பில் எப்படிச் சரியாக இருக்கும் என்பதுதான் தெரியவில்லை.

"மறுபடி செய்" என்றார் ஹென்றி. "இந்தத் தடவை ருசி பாரு. இல்லேன்னா உன் சட்டியை எடுத்துட்டுப் போகலாம். ருசி பார்க்காத ஆளை நான் ஏழு கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போய் என்ன பண்ண?"

கறியைக் கீரையிலிருந்து பிரித்தேன். குழம்பில் பாதியைக் கொட்டினேன். கீரையை வெந்நீரில் அலசிப் பிழிந்தேன். அரிசி கழுவிய தண்ணீர் இருந்தது. அதை ஊற்றி, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, மறுபடி அடுக்கிச் சிறு தீயில் வைத்தேன். இதெல்லாம் கைப்பழக்கம். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒருமுறை படைத்து இறக்கிவிட்டதால் இது இப்போது பிரசாதம், தாராளமாக வாயில் வைக்கலாம் என்று மனதைச் சமாதானம் செய்தேன். ஆனால் இதையே மறுபடி படைக்கப் போகிறார்கள். அப்படியானால் மிச்சத்தைப் படைத்தவன் ஆகிறேன், அதில் என் எச்சில் வேறு. படைக்குமுன் ருசி பார்ப்பதைவிட இது இரண்டு மடங்கு பாவம். அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் துடைத்த மாரீஸ்வரியின் கை ஞாபகத்துக்கு வந்தது. போட்டோவில் இருந்தவரைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டு, கரண்டியில் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கையில் விட்டு நக்கினேன்.

இன்னும் உப்பு. ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். மறுபடி நக்கினேன். கீரையின் புளிப்பு இப்போதுதான் தெரிந்தது. நம் ஊரில் இதற்கு ஈடான ருசி எதுவென்று யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. பதினான்கு வருஷம் சைனீஸ் சமைத்தவன் வாய்க்கு முதல்முறையாக ஒரு சைனீஸ் சாப்பாடு வந்திருந்தது. மூன்றாவது தடவை சரியாக இருந்தது. சரியா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்தது. கிண்ணத்தை நீட்டினேன். ஹென்றி ஒரு வாய் பார்த்தார். ரோஸி ஆன்ட்டி ஒரு வாய் பார்த்தார். ஆக, மூன்று பேர் எச்சிலோடு அது போட்டோவுக்கு முன்னால் போனது. புதிதாக மூன்று பத்தி ஏற்றினார்கள்.

பத்தி எரிந்ததும் ஹென்றி இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்கள். காலையிலிருந்து பட்டினி, நானும் பன்றிக்கறியும் சோறும் சாப்பிட்டேன். ரோஸி ஆன்ட்டி முகம் அப்போதுதான் விரிந்தது.

கை கழுவிவிட்டு வந்த ஹென்றி, "பாஸ்போர்ட் இருக்கா?" என்றார்.

கொடுத்தேன். போனில் படம் பிடித்துக்கொண்டார். தேதியைப் பார்த்து, "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, போதும். பேப்பர் வேலைக்கு நாலஞ்சு மாசம் ஆகும்" என்றார். பிறகு, "கடைல கல்லாவுக்கு மேல அப்பா போட்டோ இருக்கு. தினம் கடை திறக்கறதுக்கு முன்னாடி முதல் கிண்ணம் அவருக்கு. சில்லி சிக்கனோ, மஞ்சூரியனோ, அன்னைக்கு என்ன செய்யறியோ அது. அது உன் வேலை. ருசி பார்த்துட்டு வைக்கணும். தினமும். முடியுமா?"

"முடியும் சார்" என்றேன். சொன்ன பிறகுதான் எதற்குச் சம்மதித்தேன் என்பது உறைத்தது.

ரோஸி ஆன்ட்டி ஒரு கடிதம் கொடுத்தார். இவருக்குச் சீனச் சமையல் நன்றாகத் தெரியும் என்று ஆங்கிலத்தில் எழுதி, இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். எந்தச் சீனச் சமையல் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாரீஸ்வரி சாக்கை வாங்கி இறக்கி வைத்தாள். "கெடச்சுதா இல்லியா?"

"கெடச்சுது."

"பொறவு ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கிய?"

"என்ன செஞ்சதுக்குக் கெடச்சுதுன்னு தெரியல" என்றேன்.

"எதுக்குக் கெடச்சா என்ன? கெடச்சுதுல்லா" என்று சொல்லி, சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றப் போனாள்.

விசா வேலை இன்னும் முடியவில்லை. அதற்குள் ஆடி அமாவாசை வந்துவிட்டது. என் அப்பாவுக்காக மாரீஸ்வரி காலையிலேயே குளித்து, ஈரத்தலையோடு சமைத்துக்கொண்டிருந்தாள். சாம்பார் கொதித்தது. கல்லுப்பைக் கையில் அள்ளினாள், ஒரு நிமிஷம் யோசித்தாள், கொஞ்சம் திரும்ப டப்பாவிலேயே போட்டாள், மீதியைச் சாம்பாரில் போட்டாள். கதவோரம் நின்ற நான் என்னையறியாமல், "உப்பு பாத்தியா?" என்று கேட்டுவிட்டேன்.

கரண்டியோடு திரும்பினாள். "என்ன கேள்வி கேக்கிய? புத்தி பெரண்டு போச்சா? இன்னைக்குப் போயி உப்புப் பாப்பாவளா?"

"அப்பாவுக்குச் சரியில்லாததை வச்சிட்டா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கனடாவுக்குப் போறதுக்கு முந்தியே இந்தப் பாடு" என்று சொல்லி அடுப்பை அணைத்தாள்.

படைத்து முடித்து, காக்கைக்கு வைத்து, இலையில் உட்கார்ந்தேன். முதல் வாய்ச் சோற்றை மெதுவாக மென்று பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகச் சரியாகத்தான் இருந்திருக்கிறது. எப்படி என்று அவளிடம் கேட்டேன்.

"சாப்பிடுங்க பேசாம" என்றாள்.